மூட்டத்துக்குள் வயலின்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு சோலையில் பேய்க் குறும்படம் எடுத்திருக்கிறோம். மூட்டத்தில் ஒரு பெண் தனியாக வருகிறாள். மரத்தடியில் யாரோ நிற்கிறார்கள். லேப்டாப்பில் ஆர்கெஸ்ட்ரா ஒலிகள் உண்டு. ஆனால் எதை வாசித்தாலும் மெகா சீரியல் மாதிரியே இருக்கிறது. இங்குள்ள நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் இசையைச் சேர்த்தால் சரியாகுமா ஐயா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: காட்சியைப் பார்த்தேன் தம்பி. முதல் ஷாட்டிலேயே டிரம், டிரம்பெட், கோரஸ் எல்லாம் வந்துவிடுகின்றன. பேய் வரும்போது உங்கள் கையில் ஒன்றும் மிச்சமில்லை. தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மியூட் செய்யுங்கள். 1960-ல் வந்த ‘சைக்கோ’ முழுப் படத்துக்கும் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்திகளுக்கு மட்டும்தான் எழுதினார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றிருந்த இயக்குநர் ஹிட்ச்காக், கேட்டதும் மனம் மாறினார்.

வயலின்களை நான்காகப் பிரியுங்கள். ஸட்ஜம், சுத்த ரிஷபம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம் என்று ஆளுக்கொன்று. நான்கும் ஒரே நேரத்தில், சன்னமாக. காது எதைச் சுருதியாகப் பிடிப்பது என்று தெரியாமல் தவிக்கும். வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சிறு பலகை) ஒட்டி வைத்து, வில்லையே நடுக்கி வாசித்தால் கண்ணாடியைக் கீறுகிற ஒலி வரும். உங்கள் ஒலித்தொகுப்பில் ‘சுல் பொன்டிசெல்லோ’ என்று இருக்கும். வைப்ராட்டோவை (விரலால் ஸ்வரத்தை அசைப்பது) அறவே எடுத்துவிடுங்கள். சீரியல் வாடை அங்கிருந்துதான் வருகிறது.

தந்திக் குழுவில் பெரிய வாத்தியமான டபுள் பாஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். தியேட்டரில் அது நெஞ்சில் இறங்கும். உங்கள் படத்தைச் செல்போனில் அல்லவா பார்க்கப்போகிறார்கள்? அந்த ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. அதே ஸ்வரத்தைச் செல்லோவுக்கு ஒரு ஸ்தாயி மேலே, வயோலாவுக்கு இரண்டு ஸ்தாயி மேலே கொடுத்துக் கரகரப்பாக வாசிக்க விடுங்கள்.

அவள் நடக்கிறவரை இசை வேண்டாம். இலை சொட்டுவதும் சில்வண்டும் தூரத்தில் கேளையாடு என்ற குரைக்கும் மானின் குரலும் போதும். (கேளையாடு குரைத்தால் வெளியூர்க்காரர்கள் நாய் என்றே நினைப்பார்கள். அதை வைத்தே பாதிப் படம் எடுக்கலாம்!) அவள் நின்று திரும்புகிற இடத்தில் தந்திகள் நுழையட்டும். உருவம் தெரியும்போது எல்லாரும் ஒரு ‘டமாரை’ எதிர்பார்ப்பார்கள். அங்கே இசையைச் சட்டென்று வெட்டிவிடுங்கள்.

கோத்தர் இசையா? வேண்டாம். நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் அவர்களுடைய ‘கொள்’ என்ற குழலுக்குச் சாமி மெட்டு வேறு, சாவு மெட்டு வேறு. அவர்கள் வீட்டுத் துக்கத்தை எடுத்துப் பேய்க்குப் போடுவது முறையில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, எந்த மெட்டு என்று அவர்களே சொல்லி வாசிக்க வந்தால் சரி. சம்பளத்தை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.