சத்திரத்துக் கொல்லையில் ஒரு கக்கூஸ்: டன்ஜன் மாஸ்டர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மாயாஜால உலக ஆர்பிஜி ஆட்டங்களில் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டங்களில்), சத்திரத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும் மரக் கழிப்பறையில் எதிர்பாராமல் நடக்கும் வேடிக்கைச் சந்திப்புகளைப் பற்றி, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். வேறு பதிப்பு என்று சொல்லாத இடங்களில் எல்லா எண்களும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ (டிஎன்டி) ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின்படி.

கேள்வி: அக்கா, காட்டில், குகையில் என்கவுன்டர் (எதிர்பாராத சந்திப்பு) வைக்கிறோம், சரி. கக்கூஸில் எதற்கு? சும்மா சிரிக்கவா?

சிரிக்கத்தான். ஆனால் சிரிப்பு நாற்றத்திலிருந்து வருவதில்லை. எப்போதும் கூட்டமாகவே திரியும் பிளேயர்கள் ஒருவர் ஒருவராகப் போகிற ஒரே இடம் இதுதான். உள்ளே இருப்பவர் தனியாக முடிவெடுக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கதவு வழியாகச் சத்தம் மட்டும் கேட்கும். நான் உள்ளே இருப்பவருக்கு நடப்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். வெளியே நிற்பவர்களிடம், “‘வேண்டாம், அதை நான் ஏற்கெனவே உபயோகிச்சிட்டேன்’ என்று உங்கள் நண்பர் யாரிடமோ சொல்வது கேட்கிறது” என்று மட்டும் சொல்வேன். மீதியை அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள்.

கேள்வி: என் பாலடின் (புனித வீரன்) முழு பிளேட் கவசம் போட்டிருக்கிறான். அதைக் கழற்றாமல் எப்படிப் போவது?

விதிப்படி கனமான கவசத்தைக் கழற்ற 5 நிமிடம், திரும்பப் போட 10 நிமிடம். ஆனால் நிஜ வீரர்கள் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. குதிரைச் சேணத்தில் உட்கார வேண்டுமே, அதனால் உட்காரும் பக்கத்தைத் தகடு போட்டு இறுக மூடுவதில்லை. அங்கே பெரும்பாலும் சங்கிலி வலைப் பாவாடைதான் தொங்கும். ஆகவே கவசத்தை விட்டுவிடுங்கள். “கேடயத்தையும் வாளையும் எங்கே வைத்தாய்?” என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் வெளியேதான் சாத்தி வைத்திருப்பார்கள். கேடயம் போனால் ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 2 குறைகிறது. அதுவே போதும்.

கேள்வி: பகடை உருட்ட ஒரு பட்டியல் கொடுங்களேன்.

இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுங்கள். 36-ல் 6 வாய்ப்பு 7-க்கு. 2-க்கும் 12-க்கும் தலா ஒன்றுதான். அதனால் சாதாரணமானது நடுவில், விபரீதம் ஓரத்தில்.

7 விழுந்தால் உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. கடன்காரர்களுக்குப் பயந்து மூன்று நாளாக ஒளிந்திருக்கும் கோப்ளின் (குட்டிப் பூதம்) அது. வெளியே வராது, ஆனால் கதவிடுக்கு வழியாகப் பேரம் பேசும்.

6 அல்லது 8 எனக்கு ரொம்பப் பிடித்தது. மத்தியகால ஐரோப்பாவில் துடைக்கப் பாசி, வைக்கோல், கந்தல் துணி எல்லாம் பயன்பட்டன. இங்கே ஆணியில் தொங்குவது தோல்சுருள் துண்டுகள். ஃபயர்பால் (நெருப்புக் கோளம்) மந்திரத்தின் கீழ்ப்பாதி அது. மேல்பாதியை முந்தைய விருந்தாளிகள் தீர்த்துவிட்டார்கள். பிளேயர் கூட்டத்தில் மந்திரவாதி இருந்தால் அந்த முகத்தைப் பாருங்கள். மிச்சத்தை வாசித்தால் என்ன ஆகும் என்று கேட்பார்; உருட்டச் சொல்லுங்கள்.

5 அல்லது 9: குழி அள்ளுபவர். டியூடர் கால இங்கிலாந்தில் இவர்களை இரவில் மட்டுமே வேலை செய்யவிட்டார்கள். எந்த வீட்டுக் குழியில் எந்த மோதிரம், எந்தக் கிழித்த கடிதம் விழுந்தது என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். ஊரிலேயே நல்ல துப்பு தருபவர் இவர்தான். மரியாதையாகப் பேசினால்தான் வாயைத் திறப்பார். இவரைக் கேலிப்பொருளாக்காதீர்கள். கேலி, இவரிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் பிரபுவின் மேல் விழட்டும்.

4 அல்லது 10: உள்ளேயே செத்த வரி வசூலிப்பவரின் ஆவி. கணக்கு முடியாமல் போகமாட்டார். 3 அல்லது 11: கீழே குழியிலிருந்து ஒரு கை. 2: மிமிக் (பொருள்போல உருமாறி, தொட்டவரை ஒட்டிக்கொள்ளும் பிராணி). 12: ஒட்யூக் (கழிவு தின்னும் பெரிய பிராணி).

கேள்வி: மிமிக் உட்காரும் பலகையாக வந்தால் ஆள் காலிதானே?

அதனால்தான் 36-ல் ஒரு வாய்ப்பு. ஒட்டிக்கொண்டவர் விடுபட இருபதுமுகப் பகடையில் (திறன் எண்ணோடு சேர்த்து) 13 எடுக்க வேண்டும், அதுவும் டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). ஆனால் 1977-ல் வந்த பழைய பிராணிப் புத்தகமான மான்ஸ்டர் மேனுவலில் மிமிக்குகளில் ஒரு வகை பேசும். சாப்பாடு கொடுத்தால் பக்கத்தில் பார்த்ததைச் சொல்லும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டவர் சமையலறையிலிருந்து ஆட்டுக்கால் கொண்டுவரச் சொல்லிக் கத்துவார். வெளியே நிற்பவர்களுக்கு எதற்கென்று புரியாது.

கேள்வி: முதல் லெவலில் (ஆரம்ப நிலையில்) இருக்கும் பிளேயர் கூட்டத்துக்கு ஒட்யூக் விடலாமா?

சண்டைக்கு விடவே கூடாது. சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கடினமான எதிரி என்ற எண்) 5, உயிர்ப்புள்ளி 114. ஆனால் அதற்கு இன்னொரு சக்தி உண்டு: 120 அடிக்குள் இருப்பவர்களின் மனதுக்குள் சின்னச் செய்திகளும் படங்களும் அனுப்பும். குழிக்குக் கீழே உட்கார்ந்து ஊர்க் கழிவைத் தின்று வாழும் ஒட்யூக், சத்திரத்தில் சமையல்காரர் மாறியதிலிருந்து அதிருப்தியில் இருக்கிறது என்று வையுங்கள். உட்கார்ந்திருப்பவரின் மனதில் பழைய சமையல்காரரின் முகம் வரும். அப்புறம் பீன்ஸ் குழம்பு. அப்புறம் ஒரு கண்ணீர்த்துளி. அந்தச் சமையல்காரரைத் தேடிப் போவதே இரண்டு செஷனுக்குத் தாங்கும்.

கேள்வி: தீப்பந்தத்தோடு போனால் வெடிக்குமா?

மீத்தேன் காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் கலந்தால்தான் தீப்பிடிக்கும். இடுக்கு உள்ள மரக் கூண்டில் அது சேராது. கோட்டைக்கு அடியில் மூடிய குழி என்றால் சேரலாம். அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும்; அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “திடீரென்று நாற்றம் நின்றுவிட்டது” என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்த பிளேயர் எழுந்து ஓடுவார்.

மாடித் தளம் இடிந்து குழிக்குள் விழுவதையும் ஒருவர் கேட்டிருந்தார். 1184-ல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டில் ஜெர்மன் அரசர் ஆறாம் ஹென்றி கூட்டிய சபையில் நிஜமாகவே நடந்தது. சுமார் 60 பேர் கீழே இருந்த மலக்குழியில் விழுந்து இறந்தார்கள். அதை வேடிக்கைப் பட்டியலில் சேர்க்காமல் அரசியல் கதையில் வையுங்கள்.

கேள்வி: குழியிலிருந்து வரும் கை யாருடையது?

ஜப்பானியக் கதைகளில் கப்பா என்னும் நீர்ப்பேய் கக்கூஸுக்குள்ளிருந்து கை நீட்டும்; வெட்டிய கையைத் திருப்பிக் கொடுத்தால், பதிலுக்கு எலும்பு சேர்க்கும் மருந்தைச் சொல்லித்தரும். அதையே கொடுங்கள், நல்ல பரிசு. ஆனால் கதையில் அது தொடுகிற மாதிரி தொட விடாதீர்கள். “காகிதம் இருக்கா?” என்று கேட்கட்டும்.

கேள்வி: ஒரு பிளேயருக்கு இந்த மாதிரி காமெடி பிடிக்கவில்லை.

விட்டுவிடுங்கள். முதல் நாளே எல்லோரிடமும் கேட்டுவிடுவது நல்லது. யாருடைய உடம்பையும் கேலி செய்யாமல், அவர் மாட்டிக்கொண்ட நிலைமையை மட்டும் வேடிக்கையாக்கினால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

கேள்வி: எத்தனை முறை உருட்டலாம்?

ஒரு கேம்பெயினில் (பல நாள் ஆடும் தொடர்கதையில்) ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஊரிலும் ரோக் (திருடன் பாத்திரம்) முதலில் போய்ப் பத்தடிக் கம்பால் பலகையைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், ஆட்டம் நகராது.