நீண்ட தூரம் சைக்கிள் ஓடும்போது கால் திடீரென்று ஓய்ந்துபோவது ஏன்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வேகமாகப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இது நடக்கும். பெரும்பாலும் கிளைக்கோஜன் தீர்வதுதான் காரணம். சோறு, பிட்டு தரும் மாச்சத்தைத் தசை சேமித்து வைக்கும் வடிவம் அது. தசைகளில் 300–500 கிராம் அளவுதான் இருக்கும். விடாமல் வேகமாக ஓடினால் 90 நிமிடம் முதல் 2 மணி நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

கொழுப்புத்தான் தாராளமாக இருக்கிறதே? சரி, ஆனால் அது மூட்டையில் கிடக்கும் நெல் மாதிரி. அவித்து, காயவைத்து, குத்தி எடுக்க நேரமாகும். கிளைக்கோஜன் பானையில் இருக்கும் அரிசி, உடனே உலையில் போடலாம். அரிசி தீர்ந்தால் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும்.

அதனால் நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30–60 கிராம் மாச்சத்து எடுங்கள். இரண்டு வாழைப்பழம் ஏறக்குறைய அவ்வளவு தரும். களைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் நாள் இரவு வயிறு முட்டச் சாப்பிடுவது எல்லா ஓட்டத்துக்கும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வழக்கமான சாப்பாடே போதும்.