குடவோலையை எப்படி நடத்துவது?

அன்புள்ள ஐயா,

வந்தவாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். சோழர் ஆட்சி என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருகிறது. ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆளெடுத்த குடவோலை முறையை மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போடுகிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். கதையாகச் சொன்னால் பிடிக்குமே என்று காணொளிகள் காட்டினேன். ரசித்தார்கள். ஆனால் விடைத்தாளில் ‘உலகுக்கே ஜனநாயகம் தந்தவர்கள் சோழர்கள்’ என்று எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதை சொல்வதில் தப்பில்லை. ஆனால் நெட்டுருவிலும் சரி, கதையிலும் சரி, ‘இது நமக்கு எப்படித் தெரியும்?’ என்று பிள்ளை கேட்க இடமே இல்லை. குடவோலையில் அதற்கான பதில் கல்லிலேயே இருக்கிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் நடத்துகிறோம். தனித்தனியாக அச்செடுத்துக் கொடுத்துப் பாருங்கள். முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60. அடுத்ததில் 35 முதல் 70. இரண்டே வருஷத்தில் விதியை ஏன் மாற்றினார்கள்? துஷ்டர்கள் கெட்டு மற்றவர்கள் தழைக்க வேண்டும் என்று கல்வெட்டே சொல்கிறது. அப்படியென்றால் நடுவில் யார் என்ன செய்தார்கள்? வகுப்பு விழித்துக்கொள்ளும்.

வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், உறுப்பினராக இருந்தும் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய மாமனார், மைத்துனன், மருமகன் பெயரும் கூடாது. (ஊராட்சி அரசியல் தெரிந்த பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) விவரம் தெரியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்த வரி இது. இதற்கு முன்னால் எவனோ ஓலையைக் கைக்குள் மறைத்திருப்பானோ? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி.

அடுத்து, குடத்துக்குள் யார் பெயர் போகும்? வரி செலுத்தும் கால் வேலி (வேலி என்பது நில அளவு) நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்து, வேதக் கல்வியும் பெற்றவர் பெயர். உத்திரமேரூர் பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். பெண்கள் இல்லை, அந்த நிலத்தை உழுதவர்கள் இல்லை. பக்கத்து வேளாண் ஊர்களில் ‘ஊர்’ என்ற வேறு சபை இருந்தது. மேலும் இது வாக்களிப்பே அல்ல, குலுக்கல். ஏதென்ஸில் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே குலுக்கல் முறையில் மன்றத்துக்கு ஆளெடுத்தார்கள். இதையெல்லாம் சொல்வதால் சோழர் பெருமை குறைந்துவிடாது. தணிக்கையை இவ்வளவு கறாராக எழுதிவைத்த ஊர்ச்சபை என்பதே பெரிய விஷயம். இல்லாத பட்டத்தை நாம் ஏன் கட்ட வேண்டும்?

கல்லூரி நிலைமையை நீங்கள் கேட்கவில்லை. வரலாற்றில் முதுகலை முடித்தும் ஒரு கல்வெட்டு வரியை நேரில் வாசித்திராதவர்கள் ஏராளம். போட்டித் தேர்வுக்கு அது தேவைப்படுவதில்லை.

மதிப்பெண்ணுக்குப் பாடநூல் விடையைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் எழுதிப் போடுங்கள், போதும். உங்களுக்கு உத்திரமேரூர் பக்கம்தான். ஒரு சனிக்கிழமை கூட்டிப் போங்கள். அச்சிட்ட வாசகத்தை முதலில் வகுப்பில் படித்துவிட்டுப் போகட்டும், இல்லாவிட்டால் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.