நடிப்பு வராது, மேடைக்குப் பின்னால் வேலை பழக ஆசை. யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே முடியுமா? எந்த லைற் வாங்குவது?

முடியும். ஆனால் லைற் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தவர் என்று ஊகிக்கிறேன். காட்சி, ஒளி, ஒலி, ஒப்பனை எல்லாம் குறிப்பெடுத்துப் பாடமாக்கியிருப்பீர்கள். பல்கலைக்கழகத்திலும் அரங்கியல் இருக்கிறது. 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி என்று பயிற்சி மரபும் நமக்கு உண்டு. இவற்றை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் ஒரு பிளக் எத்தனை லைற்றைத் தாங்கும் என்பதை மின்வேலை தெரிந்தவரிடம்தான் பழகலாம், சட்டம் அடிப்பதைத் தச்சரிடம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மின்னியலாளர் பயிற்சி உங்களுக்கு எந்த லைற்றை விடவும் பிரயோசனம். பிறகு லைற், சவுண்ட்ஸ் வாடகைக்கு விடும் ஒருவரோடு ஒரு திருவிழாக் காலம் முழுக்க வயர் இழுங்கள்.

கணக்கு இதுதான்: வோட்ஸை 230ஆல் பிரித்தால் அம்பியர். 1000 வோட்ஸ் ஹலோஜன் ஒன்று 4.35 அம்பியர் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் இரண்டு போட்டால் 8.7, பிரச்சினை இல்லை. மூன்று போட்டால் 13.04. "பியூஸ் போகவில்லையே" என்று சிலர் வாதாடுவார்கள். அந்தப் பியூஸ் 13ஐத் தாண்டிய உடனே போகாது, நெடுநேரம் தாங்கும். அதற்குள் பிளக்கின் தளர்ந்த திருகாணி சூடேறி உருகத் தொடங்கிவிடும். எல்ஈடி பார் (PAR) லைற் ஒன்று சுமார் 150 வோட்ஸ்தான். பத்துப் போட்டாலும் ஆறரை அம்பியர். சுருள் வயரை முழுதாக விரித்துவிட்டுத்தான் பாரம் கொடுக்க வேண்டும், சுற்றியபடி விட்டால் உள்ளே வெந்துபோகும். கோயில் வீதியில் திறந்தவெளியில் போடுவதென்றால் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் இல்லாமல் ஒரு வயரும் கொழுவாதீர்கள். மேலே தூக்கும் ஒவ்வொரு லைற்றுக்கும் கொக்கி தவிர ஒரு இரும்புக் கயிறு தனியாக வேண்டும்.

எல்ஈடி லைற்றுகள் தாமாக மினுங்கினால் லைற்றைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மைக் வயரை டிஎம்எக்ஸ் வயராக, அதாவது லைற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் வயராகப் போட்டிருப்பார்கள், அல்லது கடைசி லைற்றில், சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 120 ஓம் முடிப்பான் இருக்காது. டிஎம்எக்ஸ் பிளக்கின் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கு இடையில் 120 ஓம் தடை ஒன்றைப் பற்றவைத்தால் முடிப்பான் தயார். லைற் ஒன்றுக்கு 7 சனல் (நிறம், வெளிச்சம் போன்றவற்றுக்குத் தனித்தனிக் கட்டளை வழி) என்றால் முகவரி, அதாவது லைற்றில் போடும் தொடக்க எண், 1, 8, 15, 22 என்று போகும். இரண்டுக்கு ஒரே எண் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகவே ஆடும்.

முகத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டில் 45 பாகை, மேலிருந்து 45 பாகை. ஒரு பக்கம் சூடான நிறம், மறுபக்கம் குளிர்ந்த நிறம். முகம் 5 அடியில், லைற் 13 அடியில் என்றால் நடிகரிலிருந்து தரையில் 8 அடி தள்ளி நிற்க வேண்டும். மேடை விளிம்பில் கீழேயிருந்து அடித்தால் எல்லோரும் பேய். நம் நிறத் தோலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ள மலிவு எல்ஈடி சாம்பல் பூசினது போல இருக்கும். அம்பரோ வெள்ளையோ சேர்ந்ததாகக் கேளுங்கள். பச்சைப் பட்டு சிவப்பு வெளிச்சத்தில் கறுத்துவிடும், உடுப்பைத் தைக்கக் கொடுக்க முன்னமே துணியைப் பிடித்துப் பாருங்கள். சுற்றிவரச் சனம் இருக்கும் வட்டக்களரியில் கூத்துப் போடும்போது 45 பாகை எதிரே இருப்பவரின் கண்ணில் குத்தும். அங்கே லைற்றை இன்னும் உயர்த்திச் செங்குத்தாக இறக்க வேண்டும். கண்ணாடி பதித்த உடுப்புக்கு அதுவே நல்லது.

மண்டபத் திருத்தம் என்ற பெயரில் மேடைக்குப் பளபளக்கும் ரைல்ஸ் பதிக்கிறார்களே, அவர்களை யார் கேட்பது? வெளிச்சம் தரையில் பட்டுப் பின்சீலைக்கு ஏறுகிறது, ஆடுபவர் கால் வழுக்குகிறது. அதைவிட, நாலு மணி நிகழ்ச்சி ஐந்தேகாலுக்குத் தொடங்கி, ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தி முடிய, நாடகத்துக்கு நாற்பது நிமிடம் மிஞ்சும். ஒத்திகைக்கு மண்டபம் கேட்டால் மட்டும் நேரமில்லை. சரி, விடயத்துக்கு வருகிறேன்.

சவுண்டில் முதல் தவறு, முகட்டிலிருந்து மைக் தொங்கவிடுவது. அது நடிகரை விட மின்விசிறியை நன்றாக எடுக்கும். மேடையின் முன்விளிம்பில் ஸ்பொஞ் துண்டின் மேல் இரண்டு தரை மைக் போதும். ஸ்பீக்கர் அவற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும். மிக்ஸரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டினால் காலடிச் சத்தம் குறையும். சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்பீக்கர் கூவத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதிலிருந்து 6 டெசிபெல் இறக்கி வையுங்கள். திறந்திருக்கும் மைக் இரட்டித்தால் இன்னும் 3 டெசிபெல் இழப்பு. "ம்ம்" என்று இரைந்தால் ஏர்த் ஊசியைக் கழற்றுகிற பழக்கம் உயிருக்கு ஆபத்து. மிக்ஸரையும் அம்ப்ளிபயரையும் ஒரே சொக்கெற்றில் கொடுத்து, மைக் வயரை மின்வயரோடு சேர்த்து ஓடவிடாமல் குறுக்கே கடக்கவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

செற், அதாவது மேடைக் காட்சித் தட்டிகள் பற்றிச் சுருக்கமாக: மரக்காலையில் 2க்கு 1 அங்குலச் சட்டம் வாங்கி 8 அடிக்கு 4 அடி அடியுங்கள். மூலைகளுக்குப் பிளைவூட் முக்கோணம். சட்டத்தில் அடிக்கும் துணியைப் பறை மாதிரி இறுக்காதீர்கள். பெயின்ற் காயும்போது துணி சுருங்கிச் சட்டத்தையே முறுக்கிவிடும். மினுங்காத பெயின்ற்தான். பின்னால் முட்டுச்சட்டம் வைத்து, அதன் அடியில் 15 கிலோ மணல் மூட்டை. நடிகர் பின்சீலையிலிருந்து ஐந்தடியாவது முன்னே நின்றால் நிழல் தரையில் விழும். திரைக்கு, 30 அடி அகலமென்றால் குறைந்தது 45 அடி துணி எடுத்தால்தான் மடிப்பு விழும்.

இவ்வளவையும் நடத்துவது ஒரு கொப்பி. ஒரு பக்கம் வசனம் ஒட்டி, மறுபக்கம் பென்சிலால் லைற் 14, சவுண்ட் 6 என்று எண் போடுங்கள். பேனை வேண்டாம், கடைசி நாள்வரை மாறும். எண்ணைச் சொல்லி "ஆயத்தம்" என்பீர்கள், சுவிச்சில் கை வைத்திருப்பவர் பதில் சொல்வார், பிறகு "கோ". தமிழ் ஆர்வலர்கள் மன்னிக்க வேண்டும், இதில் "போ" சரிவராது. நம் வசனத்திலும் பேச்சிலும் "போ" நாலு தரம் வரும், யாராவது இருட்டில் சுவிச்சை அழுத்திவிடுவார்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரு மல்ரிமீற்றர், தலையில் மாட்டும் ரோச், கையுறை, வெள்ளைத் துணி ரேப். வேலை முடிந்து வயரைக் கையிலும் முழங்கையிலும் மாற்றி மாற்றிச் சுற்றாதீர்கள், உள்ளே கம்பி முறுகும். ஒரு வளையம் வெளியே, அடுத்தது உள்ளே திருப்பி. பழக அரை மணித்தியாலம் போதும், அதை இன்றைக்கே வீட்டில் தொடங்கலாம்.