வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை எங்கே, எப்போது அழைத்துப் போவது? – கேள்வி பதில்

பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் உயர்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். சுற்றுலாப் பொறுப்பும் பெரும்பாலும் என்னிடம்தான் வரும். ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

காட்பாடி, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை: சார், வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகள் வீட்டோடு எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள். நாங்களும் அங்கேயே கூட்டிப் போனால் சலிப்பு வராதா?

போயிருப்பார்கள் டீச்சர். அகழி ஓரம் நடந்து, பூங்காவில் உட்கார்ந்து, சுண்டல் சாப்பிட்டுத் திரும்பியிருப்பார்கள். கோட்டையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முதல் நாளே வகுப்பை நாலைந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கேள்வி கொடுத்துவிடுங்கள். விடையை அங்கேதான் தேட வேண்டும்.

1806 ஜூலை 10 விடியும் முன் இந்தக் கோட்டையில் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புது மாதிரித் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. இது புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. திப்புவின் பிள்ளைகள் அப்போது இதே கோட்டைக்குள்தானே இருந்தார்கள், அவர்கள் இருந்த மகால் வாயிலிலிருந்து எவ்வளவு தூரம்? கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை சுமார் 25 கிலோமீட்டர் வந்து அன்று காலையிலேயே சேர்ந்துவிட்டது, அந்தப் பாதை இன்று எந்தச் சாலை? மதில்மேல் நின்று கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். 1857 பெருங்கிளர்ச்சிக்கு 51 வருஷம் முன்னால் இது நம் ஊரில் நடந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளியையும் குதிரை வீரர்களையும் வரையச் சொல்லலாம். அந்தக் கருவறை நெடுங்காலம் மூர்த்தி இல்லாமல் கிடந்து, 1981இல்தான் மறுபடி பூஜை தொடங்கியது. இதைச் சொன்னால் அடுக்கடுக்காகக் கேள்வி வரும். நேரம் இருந்தால் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தையும் பார்த்துவிடுங்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தவர், அவருடைய நினைவிடம்தான் அது. இலங்கை வரைபடத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எனக்குப் பிடித்த காலம் ஜூலை முதல் பாதி. 10ஆம் தேதி மக்கான் சந்திப்பு நினைவுத் தூணில் மரியாதை செலுத்துவார்கள், அந்த வாரத்திலேயே போனால் பாடத்தோடு ஒட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

குடியாத்தம், அறிவியல் ஆசிரியர்: காவலூர் வானாய்வகத்துக்குப் போக எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. ஐப்பசி கார்த்திகையில் போனால் மேகத்தைத்தான் பார்க்கலாம். பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில்தான். பள்ளியாகப் போகும்போது முன்கூட்டியே கடிதம் எழுதிப் பதிலை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பஞ்சாங்கமும் பாருங்கள். வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டிய சனிக்கிழமை கிடைத்தால் நிலாவின் பள்ளங்கள் நிழலோடு துல்லியமாகத் தெரியும். பௌர்ணமிக்குப் பக்கத்தில் போனால் வெளிச்சத்தில் மங்கலான விண்மீன்கள் எதுவும் தெரியாது.

ஒன்றைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 1986இலிருந்து இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியைச் சுற்றிப் பார்க்கலாம், அதில் கண் வைத்துப் பார்க்க முடியாது. அது ஆராய்ச்சிக்கானது. வருகிறவர்களுக்குக் காட்டுவது சிறிய தொலைநோக்கியில். இதைச் சொல்லாமல் போனால் முகம் வாடிவிடும். 1988இல் காவலூரிலிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள் என்று சொல்லுங்கள், வாடிய முகமும் நிமிரும்.

இரவு முடிந்து ஜவ்வாது மலைச் சாலையில் திரும்புவதுதான் எனக்குக் கவலை. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். சிறு குழுவாகப் போய், இரவில் மலை இறங்காமல் பக்கத்திலேயே தங்கிக் காலையில் திரும்புங்கள். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருக்கடி இருக்கும், ஒன்பதாம் வகுப்பே சரி. ஸ்வெட்டர் கட்டாயம்.

சத்துவாச்சாரி, ஒரு அம்மா: பணம் கட்ட முடியாத பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். என் மகளின் தோழி அன்று பள்ளிக்கே வரவில்லை. என்ன செய்யலாம்?

அம்மா, இது நடக்கவே கூடாது. எல்லோரும் வர முடியாத சுற்றுலாவைத் திட்டமே போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வகுப்பில் பெயர் வாசித்து வசூல் செய்வதை முதலில் நிறுத்த வேண்டும். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். குறைகிற தொகையைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலோ முன்னாள் மாணவர்களிடமோ கேட்கலாம், கேட்டால் தருகிறார்கள். அதுவும் முடியாவிட்டால் இடத்தைச் சுருக்குங்கள். சென்னைத் தீம் பார்க்குக்கு முப்பது பேர் போவதைவிட விரிஞ்சிபுரத்துக்கு அறுபது பேரும் போவது மேல்.

அணைக்கட்டு, கணித ஆசிரியர்: விரிஞ்சிபுரத்தில் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

சார், உங்கள் பாடத்துக்கென்றே ஓர் இடம் அது. ‘திருவண்ணாமலை கோபுரம் அழகு, விரிஞ்சிபுரம் மதில் அழகு’ என்பார்கள். மதிலைப் பார்த்துவிட்டு, மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குள் நேரம் காட்டும் கல்லுக்குப் போங்கள். அதன் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாது. கல் தப்பு என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, விரிஞ்சிபுரம் ஏறக்குறைய 79இல் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 14 நிமிடம் வித்தியாசம். அது மட்டுமா? பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் பிப்ரவரி நடுவில் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.28க்கு, நவம்பர் தொடக்கத்தில் 11.58க்கே. பள்ளி மைதானத்தில் ஒரு கம்பு நட்டு, மாதம் ஒருமுறை மிகக் குட்டையான நிழல் எப்போது விழுகிறது என்று குறித்து வரச் சொல்லுங்கள். வருஷக் கடைசியில் உச்சிநேரம் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

அதே ஊரில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. முன்னதாகப் பேசி வைத்தால் அரை நாளில் இரண்டும் முடியும். உங்கள் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி அங்கே கேட்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் கோயில் தரை சுடும், மார்கழி தை மாதங்களில் போங்கள்.

ஆற்காடு, தேசிய பசுமைப் படைப் பொறுப்பாசிரியை: மழைக்காலத்தில் வெளியே போக முடியவில்லை. பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

மழையையே கொடுங்கள். நேரான பக்கம் உள்ள பாட்டிலை வெட்டினால் மழைமானி தயார். தினமும் காலை 8.30க்கு அளந்து பலகையில் எழுதட்டும், வானிலைத் துறையும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கெடுக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பள்ளிக் கூரையின் பரப்பை அளந்து, ஒரு நாள் மழையில் எவ்வளவு தண்ணீர் ஓடிப்போகிறது என்று கணக்குப் போட்டால் அவர்களே மிரண்டுபோவார்கள். பள்ளியிலோ பக்கத்திலோ கிணறு இருந்தால், பெரியவர் ஒருவர் கூட நின்று, நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளக்கலாம்.

பருவமழைக்கு முன்பே ஆவணி, புரட்டாசியில் ஏரிக்கரையில் பனை விதை போட்டுவிடுங்கள். பள்ளி வளாகத்திலும் கொஞ்சம் புதைத்தால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு எடுத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்.

பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்றால் பாலத்தில் நின்று பார்ப்பதோடு சரி. மணல் எடுத்த பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. யாரையும் இறக்காதீர்கள்.

வாணியம்பாடி, ஒரு அப்பா: மே மாதம் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது.

வேலூர், எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா: பெண் பிள்ளையை நம்பி அனுப்பலாமா? பள்ளியிடம் என்ன கேட்க வேண்டும்?

கேளுங்கள், தயங்காதீர்கள். கல்வி அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா, கூட வரும் ஆசிரியைகள் எத்தனை பேர், பேருந்துக்கு அந்த வழிக்கான பெர்மிட் உண்டா, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்களா. அமிர்தி போன்ற இடமென்றால் அருவியில் இறங்க விடமாட்டோம் என்று உறுதி வாங்குங்கள்.

இவற்றைவிட முக்கியமாக நான் பார்ப்பது கழிப்பறை. எங்கெங்கே நிறுத்துவார்கள், அங்கே சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று முன்னதாக ஓர் ஆசிரியை போய்ப் பார்த்து வர வேண்டும். இது இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க வெயிலில் நடக்கிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மயக்கம் வருவது அதனால்தான். நாப்கின் ஆசிரியையின் பையில் இருக்கட்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேட்டால், கேட்கக் கூச்சப்பட்ட மற்ற அம்மாக்களும் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள்.