பாதியில் நிற்கும் தொடர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எந்தத் தொடரை ஆரம்பித்தாலும் ஐந்தாவது, ஆறாவது எபிசோடுக்கு மேல் போக முடிவதில்லை. முன்பெல்லாம் எனக்கு இப்படி இல்லை. பொறுமை குறைந்துவிட்டதா, இல்லை தொடர்களை எடுக்கிற விதமே அப்படியா?

பதில்: பொறுமையைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியாக நீங்கள் விட்ட ஐந்தாறு தொடர்களில் எங்கெங்கே நின்றீர்கள் என்று பாருங்கள். ஓடிடி செயலிகளில் நீங்கள் பார்த்தவற்றின் பட்டியல் இருக்கும். பலவற்றில் தேதியோடே இருக்கும். எல்லாமே முதல், இரண்டாம் எபிசோடில் நின்றிருந்தால் பிசகு தேர்வில்தான்: பிறர் புகழ்ந்தார்கள் என்பதற்காக உங்களுக்கு ஒட்டாத வகையை எடுத்திருக்கிறீர்கள். எட்டு, பத்து எபிசோட் கொண்ட சீசனில் நான்குக்கும் ஆறுக்கும் நடுவே நின்றிருந்தால், பெரும்பாலும் குறை தொடரில் இருக்கிறது. உங்கள் நிலை இந்த இரண்டாவது வகை.

நடுவில் ஏன் தொய்கிறது? முதல் இரண்டு எபிசோடுகள் சிக்கலை விரிக்கச் செலவாகும், கடைசி இரண்டு அதை அவிழ்க்க. இடையில் இருக்கும் நான்கைந்து மணி நேரத்தை நிரப்பக் கதையில் சரக்கு வேண்டும். இரண்டு மணி நேரப் படத்துக்குப் போதுமான கதையை எட்டு மணி நேரத்துக்கு இழுத்தால், எழுதுகிறவர்கள் இரண்டு உத்திகளில் சாய்வார்கள். ஒன்று, மூலக் கதையைத் தொடாத கிளைக்கதை. இன்னொன்று, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் சொல்லவிடாமல் தள்ளிப்போடுவது. அக்கா உண்மையைச் சொல்ல வாயெடுப்பாள், செல்போன் அடிக்கும், "அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போய்விடுவாள். முதல் தடவை நெஞ்சு பதறும். மூன்றாம் தடவை மனசு தானாக விலகிவிடும். இரண்டு பேர் ஒரே ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினைக்காக நான்கு எபிசோட் காத்திருக்க யாருக்கும் பிடிக்காது.

அடுத்த முறை சலிப்புத் தட்டும்போது எபிசோட் முடிந்ததும் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: தொடங்கியபோது இருந்த நிலைமையில் இப்போது என்ன மாறியிருக்கிறது? யாருக்காவது புதிதாக ஓர் உண்மை தெரிந்ததா? யாராவது பின்வாங்க முடியாத காரியம் எதையாவது செய்தாரா? ஓர் உறவாவது கூடியதா, முறிந்ததா? தொடர்ந்து இரண்டு எபிசோடுக்கு "ஒன்றும் மாறவில்லை" என்று பதில் வந்தால் தயங்காமல் விடலாம்.

உங்கள் பக்கமும் ஒன்று சரிபார்க்க வேண்டும். பார்க்கும்போது கையில் செல்போன் இருக்கிறதா? ஒரு பார்வை, ஒரு மௌனம், மேஜைமேல் இருக்கும் ஒரு கடிதம் என்று வசனமில்லாமல் கதை சொல்லும் தொடர்களில் பத்து விநாடி தலைகுனிந்தாலும் கண்ணி அறுந்துவிடும். பிறகு வருவதெல்லாம் அர்த்தமில்லாத நடமாட்டமாகத் தெரியும். "இவர் யார்?" என்று அடிக்கடி பின்னால் ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்றால் செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒரே ஒரு எபிசோட் பாருங்கள். அப்போதும் சலித்தால் சந்தேகமே வேண்டாம், தொடர்தான் காரணம். வேகத்தை ஒன்றரை மடங்காக்கிப் பார்ப்பது இதற்கு மருந்தல்ல. நடிப்பின் உயிர் இருக்கும் இடைவெளிகளைத்தான் அது முதலில் தின்றுவிடும்.

கேள்வி: மூன்று சீசன் பார்த்துவிட்டேன். நான்காவது பிடிக்கவேயில்லை. இவ்வளவு நேரம் போட்டுவிட்டுப் பாதியில் விட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: போன நேரம், முடித்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. ஆகவே அது கணக்கிலேயே வரக்கூடாது. ஆனாலும் மனசு அதைத்தான் முதலில் எடுத்துப்போடும். ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் இது அழகாகத் தெரிந்தது. ஒரு பருவம் முழுவதற்குமான நாடக டிக்கெட் வாங்கியவர்களில் சிலருக்கு, அவர்கள் கேட்காமலேயே தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள், பருவத்தின் முதல் பாதியில் தள்ளுபடிக்காரர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்; போட்ட பணம்தான் அவர்களை இழுத்து வந்தது.

நீங்கள் போட வேண்டியது மீதிக் கணக்கு. இன்னும் இரண்டு சீசன், சீசனுக்குப் பத்து எபிசோட், ஒவ்வொன்றும் 50 நிமிடம் என்றால் 1,000 நிமிடம். கிட்டத்தட்ட 17 மணி நேரம். இதுவரை நடந்த கதையை ஒருவர் உங்களுக்குச் சொல்லிவிட்டு, "இனிமேல் வரும் 17 மணி நேரத்தைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டால் சரி என்பீர்களா? மாட்டீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சீசன் முடிய இன்னும் இரண்டு எபிசோட்தான் இருக்கிறது என்றால் முடித்துவிடுவதே நல்லது. மீதிச் செலவு இரண்டு மணி நேரத்துக்குள், முடிச்சுகள் அவிழ்வதும் பெரும்பாலும் அங்கேதான். விடுவதானால் சீசனின் கடைசியில் விடுங்கள். கதை ஓரிடத்தில் அமர்ந்திருக்கும், பிறகு உறுத்தாது.

கேள்வி: ஒரு தொடர் தேறுமா தேறாதா என்று எத்தனை எபிசோடில் முடிவு செய்யலாம்?

பதில்: முதல் எபிசோடை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பிடித்திருந்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. பல நாடுகளில் முதல் எபிசோடைத் தனியாக, மாதிரி போல எடுத்துச் சேனலிடம் காட்டி ஒப்புதல் வாங்கும் பழக்கம் உண்டு. அதை இயக்கியவர் அடுத்ததை இயக்காமல் போகலாம், நடிகர்கூட மாறலாம். தொடரின் உண்மையான நடை இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் தெரியும்.

எட்டு எபிசோட் தொடருக்கு மூன்று போதும். சீசனுக்கு 22 எபிசோட் வரும் பழைய பாணித் தொடர்களுக்கு ஐந்தாறு கொடுங்கள். அரை மணி நேர நகைச்சுவைத் தொடருக்கும் அதே அளவு தேவை. பாத்திரங்களின் குணம் நமக்குப் பழகிய பிறகுதான் அங்கே சிரிப்பு வரும். 16 எபிசோட் கொரியத் தொடர்கள் வழக்கமாக வாரம் இரண்டாக ஒளிபரப்பாகின்றன. அங்கே நான்கு என்பது இரண்டு வாரக் கதை, அது போதும்.

தினசரித் தொடர்களுக்கு வேறு சோதனை. ஒரு வாரம் பாருங்கள், இரண்டு வாரம் விடுங்கள், மறுபடி ஒரு நாள் பாருங்கள். தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டால் அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எதையும் இழக்கவில்லை. அரை மணி ஒதுக்கீட்டில் விளம்பரம் போக 20, 22 நிமிடம்தான் மிஞ்சும். அதில் முன்கதை, தலைப்புப் பாடல், நாளைய முன்னோட்டம், அதிர்ச்சிச் செய்தி கேட்ட ஒவ்வொருவர் முகத்துக்கும் தனித்தனி நெருக்கக் காட்சி எல்லாம் கழிந்தால் கதைக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கடிகாரத்தை வைத்து ஒரு நாள் பாருங்கள்.

கேள்வி: மர்மத் தொடர்கள் என்றால் உயிர். ஆனால் பெரும்பாலும் முதல் சீசன் பிரமாதமாக இருக்கிறது, இரண்டாவதில் சப்பென்று ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: மர்மத் தொடருக்கு ஒரே எஞ்சின்தான், விடை தெரியாத கேள்வி. விடையைச் சொன்னால் எஞ்சின் நின்றுவிடும். சொல்லாமல் இழுத்தால் எண்ணெய் தீர்ந்துவிடும். இரண்டுக்கும் பிரபலமான உதாரணங்கள் இருக்கின்றன.

"ட்வின் பீக்ஸ்" என்ற அமெரிக்கத் தொடர் 1990 ஏப்ரலில் தொடங்கியது. ஓர் இளம்பெண்ணைக் கொன்றது யார் என்பதே கதையின் முதுகெலும்பு. படைப்பாளிகளுக்கு அதை அவிழ்க்கும் அவசரம் இல்லை. சேனலின் நெருக்குதலில் இரண்டாவது சீசனின் நடுவிலேயே, 1990 நவம்பரில், கொலையாளி யார் என்று சொல்லப்பட்டது. பார்வையாளர்கள் கரைந்தார்கள். 1991 ஜூனோடு தொடர் நின்றது.

விமானம் நொறுங்கி ஒரு மர்மத் தீவில் சிக்கியவர்களின் கதையான "லாஸ்ட்" என்ற அமெரிக்கத் தொடர் 2004-இல் தொடங்கியது. எத்தனை வருடம் ஓடும் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியாதவரை, அவர்களால் விடை சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மூன்றாவது சீசனில் கதாநாயகனின் உடம்பிலுள்ள பச்சைக்குத்து எப்படி வந்தது என்பதற்காகவே ஓர் எபிசோடின் பெரும்பகுதி போனது. 2007 மே மாதத்தில், இன்னும் மூன்று சீசன், 48 எபிசோட், 2010-இல் முடிவு என்று அறிவித்தார்கள். முடிவுத் தேதி கிடைத்ததும் கதை நகர ஆரம்பித்தது. கடைசி எபிசோட் பிடித்ததா இல்லையா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடலாம், ஆனால் நடையில் வந்த வேகத்தை யாரும் மறுப்பதில்லை.

ஆகவே மர்மத் தொடரை ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். தொடர் முடிந்துவிட்டதா, அல்லது முடிவு எப்போது என்று அறிவித்திருக்கிறார்களா? ஒவ்வொரு சீசனும் தன் கேள்விக்குத் தானே விடை சொல்கிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்றால், முதல் சீசனோடு நிறுத்தும் எண்ணத்தோடே உட்காருங்கள்.

சில சமயம் சரிவுக்குக் காரணம் கதைக்கு வெளியே இருக்கும். அமெரிக்காவில் 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை எழுத்தாளர்கள் 100 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, பல தொடர்களின் சீசன் குறைந்த எபிசோடுகளோடு அரைகுறையாக நின்றது. நடிகர் விலகி "இவருக்குப் பதில் இவர்" என்று அட்டை போடுவதும் இதே கணக்குதான். நீங்கள் பழகிய முகமும் குரலும் மாறும்போது பற்று விடுவது இயல்பு. மாறியவர் நன்றாக நடித்தால்கூடச் சில வாரம் ஆகும்.

கேள்வி: ரொம்பப் பிடித்த தொடரின் அடுத்த சீசன் இரண்டு வருடம் கழித்து வந்தது. பத்து நிமிடம்கூடப் பார்க்க முடியவில்லை. யார் யாரென்றே நினைவில்லை.

பதில்: முதல் சீசனை ஒரே மூச்சில் பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 2017-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் ஒரு சிறிய ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு எபிசோட் கொண்ட ஒரே தொடரை ஒரு குழு ஒரே நாளில் பார்த்தது, இன்னொரு குழு நாளுக்கு ஒன்றாக, மூன்றாவது குழு வாரத்துக்கு ஒன்றாக. ஒரே நாளில் பார்த்தவர்களுக்கு மறுநாள் நினைவு கூர்மையாக இருந்தது; 140 நாள் கழித்துப் பார்த்தால் அவர்களுக்குத்தான் மிக அதிகமாக மறந்திருந்தது. ரசித்த அளவும் அவர்களிடமே குறைவு.

திரும்பி நுழைய முதலிலிருந்து எல்லாம் பார்க்க வேண்டாம். அது பாதியிலேயே அலுத்துவிடும். முந்தைய சீசனின் எபிசோட் சுருக்கங்களை எழுத்தில் படியுங்கள், 15 நிமிட வேலை. பிறகு அந்த சீசனின் கடைசி இரண்டு எபிசோடை முழுதாகப் பாருங்கள். அங்கேயே பழைய பாசம் திரும்பினால் புதியதற்குப் போங்கள். திரும்பாவிட்டால், நீங்கள் மறந்தது கதையை மட்டுமல்ல. அந்த மனிதர்கள்மேல் இருந்த அக்கறையும் போய்விட்டது. அதற்குச் சுருக்கம் உதவாது.

இனிமேல் பிடித்த சீசன் முடியும் அன்றே நான்கு வரி எழுதி வையுங்கள்: யாருக்கு எந்த ரகசியம் தெரியும், யார் யாருக்கு என்ன பாக்கி, ஒவ்வொருவரும் கடைசியாக எங்கே இருந்தார்கள், விடை கிடைக்காத கேள்வி எது. கதைச் சுருக்கங்கள் பெரும்பாலும் நடந்ததைத்தான் சொல்லும். யாருக்கு என்ன தெரியும் என்பதை உங்கள் குறிப்புதான் காப்பாற்றும்.

கேள்வி: பாதியில் விட்டவை எல்லாம் செயலியின் முகப்பிலேயே வரிசையாக நிற்கின்றன. திறக்கும்போதெல்லாம் குற்ற உணர்வு.

பதில்: நீக்கிவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸின் செல்போன் செயலியில், தொடர்ந்து பார்க்கும் வரிசையிலுள்ள படத்தின் கீழே மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தினால் வரிசையிலிருந்து நீக்கும் வசதி வரும். பார்த்த பட்டியலிலிருந்தே மறைக்க வேண்டுமானால் இணையதளத்தில் உங்கள் கணக்கின் அமைப்புக்குள் போக வேண்டும். அங்கேயே அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் நீங்களே பொத்தானை அழுத்த வேண்டும் என்று வந்தால், உண்மையில் எதன்மேல் விருப்பம் இருக்கிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

நீக்கிய பிறகும் "கடைசியில் என்ன ஆச்சு?" என்று குடைந்தால் முடிவை எங்காவது படித்துவிடுங்கள், தப்பே இல்லை. படித்ததும் மனசு அடங்கினால் உங்களுக்கு வேண்டியிருந்தது விடை மட்டும்தான். படித்த பிறகும் அந்தக் காட்சியைப் பார்க்கத் தோன்றினால் தொடர் இன்னும் உங்களை விடவில்லை, திரும்பிப் போங்கள்.

கேள்வி: தொடர்கள் மட்டுமல்ல, பாட்டு, புத்தகம், நண்பர்களோடு பேசுவது எதிலும் நாட்டம் இல்லை. இதுவும் சலிப்புதானா?

பதில்: இதைச் சலிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் நாட்டமில்லாத நிலை பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மருத்துவர்கள் அதை மனச்சோர்வின் முக்கிய அறிகுறியாகக் கருதுகிறார்கள். தூக்கம், பசி, உடல் தெம்பு மாறியிருந்தால் இன்னும் தள்ளிப்போடக்கூடாது. சிகிச்சையில் சரியாகக்கூடியது இது. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், இன்றே நெருக்கமான ஒருவரிடம் சொல்லி, அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து ஒரு தொடர் பார்க்கிறோம். எனக்கு அலுத்துவிட்டது, அவருக்கு இன்னும் பிடிக்கிறது. சொன்னால் வருத்தப்படுவார்.

பதில்: பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருப்பதுதான் அவருக்கு அதிக வருத்தம் தரும். எந்த இடத்தில் உங்களுக்கு விட்டுப்போனது என்று அந்தக் காட்சியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "போர்" என்று மட்டும் சொன்னால் அவர் ரசனையைக் குறை சொன்னது போல ஆகிவிடும். அவர் தன் பெயரிலுள்ள கணக்கில் தொடர்ந்து பார்க்கட்டும், சீசனின் கடைசி எபிசோடுக்கு மட்டும் உங்களைக் கூப்பிடட்டும். இடையில் நடந்ததை அவர் வாயாலேயே கேளுங்கள். சேர்ந்து பார்க்க வேறொரு தொடரை, ஆறு அல்லது எட்டு எபிசோடில் முடிகிறதாக, இந்த முறை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.