வாசகர் கேள்வி–பதில்: பாசி மிதவையும் பத்து மீட்டர் படமும்

பருவநிலைத் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களில் மென்பொருள் இன்டர்ன்ஷிப் பற்றி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கடலில் மிதவை கட்டிக் கடற்பாசி வளர்க்கிறார். செயற்கைக்கோள் படத்தில் பாசி மிதவைகளை எண்ணும் புரோகிராம் ஒன்றை எழுதி, அதைக் காட்டி இன்டர்ன்ஷிப் கேட்கலாமா?
– வாசகி, மண்டபம்

மிதவையை எண்ணும் வேலை நடக்காது. இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் என்பது கடல்மேல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். அப்பாவின் மூங்கில் மிதவை வழக்கமான 12 அடிக்கு 12 அடி என்றால் 13 சதுர மீட்டர் சொச்சம்தான். ஒரே பிக்சலுக்குள் ஏழு மிதவைகள் ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்குப் பாக் விரிகுடாக் கரையோரம் ஆழம் குறைவு. அடியில் கிடக்கும் கடற்புல்லும் மேலிருந்து பார்த்தால் கருமையாகத்தான் தெரியும். பாசியையும் புல்லையும் பிரிப்பது பெரிய பாடு.

அதற்குப் பதில் ராமநாதபுரம் பெரிய கண்மாயை எடுங்கள். ஓராண்டில் அதன் நீர்ப்பரப்பு எப்படி ஏறி இறங்கியது என்று காட்டுங்கள். பச்சை அலைவரிசை பி3, அகச்சிவப்பு அலைவரிசை பி8. பி3இலிருந்து பி8ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க்குறியீடு. பூஜ்யத்துக்கு மேல் வரும் பிக்சலைத் தண்ணீர் என்று எடுத்து, எண்ணிக்கையை நூறால் வகுத்தால் ஹெக்டேர். கணக்கு இவ்வளவுதான். சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் மேகம். படத்தோடு வரும், ஒவ்வொரு பிக்சலும் எந்த வகை என்று எண்ணால் சொல்லும் எஸ்சிஎல் அடுக்கில் 3, 8, 9, 10 ஆகிய எண்கள் மேக நிழலும் மேகமும். அவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். ஆனால் நம் ஊரில் கண்மாய் நிரம்புவதே ஐப்பசி, கார்த்திகையில். வானம் மூடிக்கிடப்பதும் அப்போதுதான். அந்த வாரங்களுக்கு மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது 2022 ஜனவரி 25. அன்றிலிருந்து வெளியான சென்டினல்-2 கோப்புகளில் எண்களோடு 1000 கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய படத்தையும் புதிய படத்தையும் கலந்தால் வரைபடத்தில் திடீரென்று ஒரு படி தெரியும். பலர் அதைப் பருவநிலை மாற்றம் என்றே எழுதிவிடுகிறார்கள்! மூன்றாவது, ஆயத்தொலைவு. வரைபடத் தரவை எழுதும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. ராமேஸ்வரத்துக்கு 79.3, 9.3 என்று போட வேண்டியதை மாற்றிப் போட்டால் வடதுருவத்துப் பக்கக் கடலில் போய் நிற்பீர்கள். பரப்பளவு கணக்கிட, இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்தை எடுங்கள்; மென்பொருளில் அதன் குறியீட்டெண் இபிஎஸ்ஜி 32644. மாவட்டம் முழுக்க அதற்குள் அடங்கும்.

ஆகாயத்தாமரையும் நாணலும் மூடிய இடத்தைக் குறியீடு செடி என்றே சொல்லும், அடியில் ஆளுயரத் தண்ணீர் நின்றாலும். ஒருநாள் கரையில் நடந்து பத்து இடங்களைப் போனில் குறித்துவந்து படத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே தவறியது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். நேர்முகத் தேர்வில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள்.

அப்பாவின் கணக்கு நோட்டையும் விட்டுவிடாதீர்கள். 60 கிலோ விதைப்பாசி 45 நாளில் 240 கிலோ ஆனால் நாள் வளர்ச்சி சுமார் 3.1 சதவீதம். கட்டும்போது நீர் வடித்து எடைபோட்டு, அறுக்கும்போது சொட்டச் சொட்ட எடைபோட்டிருந்தால் அந்த விகிதம் பொய். இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றும். பெங்களூரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றாது.

இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்து மூன்று வாரம். எங்கள் தானியங்கி மழைமானியின் நாள் கணக்கு வானிலைத் துறையின் கணக்கோடு ஒத்தே போகவில்லை.
– வாசகர், திருவாடானை

வித்தியாசம் எல்லா நாளும் ஒரே விகிதத்தில் இருந்தால் மானியின் அளவு தப்பு. மானிக்குள் மழைநீர் நிரம்பிக் கவிழும் சிறு தொட்டி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மி.மீ.யா 0.5 மி.மீ.யா என்று அதன் கையேட்டில் பாருங்கள். மழை ஒரு நாள் தள்ளித் தள்ளி விழுவதுபோல் தெரிந்தால் நேரம் தப்பு. வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது, முந்தைய 24 மணி நேர மழை அன்றைய தேதியில் பதிவாகும். யுடிசி எனும் உலகப் பொது நேரத்தின் நாளோ நமக்குக் காலை 5.30க்கு மாறுகிறது. யுடிசி நேரத்தில் 3 மணியைக் கழித்து, நாள்வாரியாகக் கூட்டி, மறுநாள் தேதியைப் போடுங்கள். சேமிப்பது என்றும் யுடிசியிலேயே இருக்கட்டும்.

சாயல்குடி பக்கம் ஒரு சோலார் இன்வெர்ட்டரிலிருந்து, கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறை வழியாகத் தரவு எடுக்கிறோம். 70,000 இருக்க வேண்டிய இடத்தில் 29 கோடி வருகிறது. சில நாள் ஒன்றுமே வருவதில்லை.
– வாசகர், ஏர்வாடி

இவை இரண்டு வேறு கோளாறுகள். மோட்பஸில் எண்ணை வைக்கும் கட்டமான ரெஜிஸ்டர் ஒன்று 16 பிட், 65,535க்கு மேல் கொள்ளாது. பெரிய எண் இரண்டு ரெஜிஸ்டரில் பிரிந்து வரும். 70,000 என்பது 1, 4464 என்று வரும் (1 × 65,536 + 4,464). முன்பின்னாகச் சேர்த்தால் 29,25,52,705. வரிசையை மாற்றினால் சரியாகும். பழைய பதிவுகளையும் திருத்த மறக்காதீர்கள்.

தரவே வராததற்கு மென்பொருளைக் கிண்டாதீர்கள். உப்புக்காற்றில், தரவு வரும் ஆர்எஸ்-485 ஒயரின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வெட்டி, புதிதாகச் சீவி, ஈயம் பூசிய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் கொக்கி) போட்டு, பெட்டியின் ஒயர் துளையைக் கீழ்ப்பக்கம் திருப்பி அடைக்கச் சொல்லுங்கள். புரோகிராமில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பதில் வராத நேரத்தில் பூஜ்யம் எழுதாமல், ‘தரவு இல்லை’ என்று எழுத வேண்டும்.

பயிற்சிக் கட்டணமாக 8,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, கீழக்கரை

வேண்டாம். வேலை கற்றுக்கொள்ளச் சேர்பவரிடம் நிறுவனம் பணம் கேட்டால் அது இன்டர்ன்ஷிப் அல்ல, சான்றிதழ் வியாபாரம்.

சீமைக்கருவேலத்தைச் சுட்டு, கார்பனைப் பிடித்துவைக்கும் உயிர்க்கரியாக்கும் ஒரு நிறுவனத்தில் கார்பன் கணக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், முதுகுளத்தூர்

ஈரத்தில். சுட்ட கரியைத் தண்ணீர் ஊற்றித்தான் அணைக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் தராசில் ஏறுகிறது. 1,000 கிலோவில் 20 சதவீதம் ஈரம் என்றால் உலர் எடை 800 கிலோ. உலர் எடையில் 70 சதவீதம் கார்பன் என்று ஆய்வகம் சொன்னால் 560 கிலோ. அதைக் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் எடைகளின் விகிதமான 44/12ஆல் பெருக்கினால் சுமார் 2,053 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஈரத்தை மறந்தால் 2,567. கால் பங்கு கூடுதல். சுடுவதிலும் லாரியிலும் வெளியானதை இதற்குப் பிறகு கழிக்க வேண்டும்.

ஈரமும் எடையும் ஒரே நாளில், ஒரே குவியலில் அளந்தவையா என்று தேதியோடு பதியுங்கள். வெயிலில் இரண்டு நாள் கிடந்த கரிக்குப் பழைய ஈர அளவு பொருந்தாது. படிவத்தில் ஈரக் கட்டம் காலியாக இருந்தால் புரோகிராம் அங்கேயே நிற்கட்டும். காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு கணக்கு ஓடினால், தணிக்கைக்கு வருபவர் முதலில் கைவைப்பது அந்த வரியில்தான்.